கிரண் கொண்டுவந்த கத்தி

கிரண் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டதைத் தென்னரசு கவனிக்கவில்லை. பிரியாணிக் கடைக் கத்தி ஒன்றின் விளிம்பில் கட்டைவிரலைக் குறுக்காக நகர்த்தி, பிசிறு எந்தப் பக்கம் திரண்டிருக்கிறது என்று தடவிக்கொண்டிருந்தான். மேசைமேல் நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தான். மனைவியின் தம்பி நின்றுகொண்டிருந்தான். வேலூரில் பதிவுத் திருமணம் முடிந்து வெளியே வந்த அன்று பார்த்தது. அன்றைக்கு இவனைப் பாய்ந்து அடிக்க வந்தவனை நாலைந்து பேர் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். கையில் துணி சுற்றிய பொட்டலம்.

"கத்தி ஒண்ணு சாணை புடிக்கணும்ங்க" என்றான் கிரண்.

அந்த 'ங்க'தான் தென்னரசுவுக்கு உறுத்தியது. கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

கடை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆரணி பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் நெடுஞ்செழியன் நடத்தும் செல்போன் ரிப்பேர் கடையில் பாதி இடம். ஒரு மேசை, அதில் திருகிப் பொருத்திய ஒரு கருவி. கத்தியின் முதுகைக் கிளாம்பு கவ்விக்கொள்ளும். பக்கத்தில் ஒரு கம்பி, கம்பியில் கல். கல்லை எந்தச் சாய்வில் வைக்கிறோமோ அதே சாய்வில் அது போய்வரும். கை நடுங்கினாலும் கல் நடுங்காது. சென்னையில் பெரிய ஓட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தபோது அதைப் பார்த்துப் பழகி, ஊருக்குத் திரும்பியதும் அதையே பிழைப்பாக்கிக்கொண்டான். கறிக்கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் தேடி வந்தார்கள். சந்தவாசல் காலனியிலிருந்து வந்தவன் என்று தெரிந்த சிலர் கத்தியை மேசையில் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நிற்பார்கள். அதையெல்லாம் அவன் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஊருக்குத் திரும்புவதில் அவனுக்கு விருப்பமே இருந்ததில்லை. மனைவி சுகன்யாதான் பிடிவாதமாக நின்றாள். "நான் பொறந்து வளந்த ஊரு. நான் இன்னாத்துக்கு ஒளிஞ்சிகினு கெடக்கணும்?" என்றாள். வந்த மாதமே ஒரு தனியார் பள்ளியில் வேலையும் தேடிக்கொண்டாள். அவள் பிறந்த வீடு இருக்கும் தெருவுக்கும் அந்தப் பள்ளிக்கும் நடுவில் ஒரு கால்வாயும் நாலு சந்துகளும்தான்.

கிரண் பொட்டலத்தைப் பிரித்தான். பட்டுப் புடவையின் முந்தானை ஓரத்தில் வெட்டிப்போடும் துண்டு. உள்ளே நீளமான கத்தி, ஆட்டுக்கறிக் கடையில் சதையை எலும்பிலிருந்து பிரிப்பார்களே, அந்த மாதிரி. புதுசு. பிடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த பிசின்கூடப் போகவில்லை. தென்னரசு அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மலிவுக் கத்திகளின் வழக்கப்படி ஒரு பக்கச் சரிவு நகம் அகலத்துக்கு இருந்தது, மறுபக்கம் நூல் மாதிரி.

"ரெண்டு பக்கமும் சமமா வரணும்" என்றான் கிரண்.

"இன்னா வெட்றதுக்கு?"

எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். எலும்பு வெட்டுவதென்றால் கல்லை நிமிர்த்தி வைக்க வேண்டும், விளிம்பு தடித்து நிற்கும். காய்கறி என்றால் படுக்க வைக்கலாம், விளிம்பு மெலிந்து போகும். பதில் தெரியாமல் கல்லை எடுக்க முடியாது. கிரண் ரோட்டைப் பார்த்தான். ஒரு களம்பூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது.

"அது தெரியாதுங்க. நல்லா பதமா இருக்கணும், அவ்ளோதான். ஸ்கூல் உடற நேரத்துக்கு வரேன்."

வண்டி போன பிறகும் தென்னரசு உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. ஸ்கூல் விடுகிற நேரம். ஏன் அப்படிச் சொன்னான்? சாயங்காலம் என்று சொல்லியிருக்கலாமே.

"உன் மச்சான்தான?" என்று நெடுஞ்செழியன் கண்ணாடித் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினான். "ஜல்தியா ஸ்டேஷனுக்குப் போய்டு. நானும் வரேன்."

"போய் இன்னான்னு சொல்றது? சாணை புடிக்கிறவன் கிட்ட சாணை புடிக்கக் கத்தி குடுத்தான்னா?"

நெடுஞ்செழியன் ஒரு தரம் ரோட்டை எட்டிப் பார்த்தான். கையிலிருந்த போனின் பின்மூடியைத் திறந்தான், மறுபடி மூடினான்.

தென்னரசு சுகன்யாவுக்குப் போன் செய்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தியை நெடுநேரம் பார்த்தாள். ஆனால் தொடவில்லை.

"எங்க வீட்ல இந்த மாதிரி கத்தியே கெடையாது. கறிகூடக் கடையிலயே வெட்டி வாங்கிகினு வந்துடுவாங்க. இதுக்குன்னே வாங்கிகிறாங்க."

"மொண்ணையாவே திருப்பிக் குடுத்துடட்டா?"

"குடுத்தா? வேற கடை இல்லியா ஊர்ல?" என்றாள். "நீ பயந்துட்டன்னு அவங்களுக்குத் தெரியும், அவ்ளோதான்" என்றாள்.

அவன் கத்தியைக் கிளாம்பில் மாட்டினான். வேறு எதையும் யோசிக்க முடியாதபோது கையாவது தெரிந்த வேலையைச் செய்யட்டும் என்றிருந்தது. கல் எங்கே படுகிறது என்று பார்க்க விளிம்பு முழுக்கக் கறுப்பு மார்க்கர் மையைப் பூசினான். கல்லை ஒருமுறை மேலேற்றிப் பார்த்தான். ஒரு பக்கம் மை விளிம்பில் அழிந்தது. திருப்பினால் மறுபக்கம் மேலே, சரிவு தொடங்கும் இடத்தில் அழிந்தது. கத்தியின் முதுகு நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போவதால் கிளாம்புக்குள் ஒரு சாய்வாக உட்கார்ந்திருந்தது. இதைச் சரிசெய்யாமல் தேய்த்தால் எத்தனை நேரம் தேய்த்தாலும் ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் குறுகலாகவும்தான் வரும். சிகரெட் அட்டையில் ஒரு துண்டு கிழித்து, கிளாம்பின் ஒரு தாடைக்குள் செருகினான். மறுபடி மை, மறுபடி ஒரு தேய்ப்பு. இப்போது இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் அழிந்தது.

கல்லைப் படுக்க வைத்தான். காய்கறிக்கு வைப்பதைவிடவும் படுக்கையாக. சுகன்யா அதைக் கவனித்தாள்.

"எலும்புல பட்டா மடங்கிடும்" என்றான் அவளைப் பார்க்காமல்.

சதையைக் கிழிக்க எலும்பில் பட வேண்டியதில்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கல் சர் சர்ரென்று போய்வந்தது. பிசிறு எழுந்ததும் திருப்பினான். அந்தப் பக்கம் எழுந்ததும் இந்தப் பக்கம் திருப்பினான். கறுப்புத் தண்ணீர் மேசையில் வழிந்தது. வேலை முடிந்தபோது, இதுவரை அவன் தீட்டியதிலேயே சுத்தமான விளிம்பு அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அந்தத் திருப்தி மனசுக்குள் வந்ததை நினைத்து அவனுக்கே குமட்டியது.

கிரண் சொன்னபடியே வந்தான். அக்காவை அங்கே எதிர்பார்க்கவில்லை. வண்டியிலிருந்து இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"எறங்குடா. ஏன், கடிச்சிடுவனா?" என்றாள் சுகன்யா.

இறங்கி வந்தான். கத்தியை எடுத்து, சட்டைப்பையிலிருந்து ஓர் இழை பட்டு நூலை உருவி விளிம்பின் மேல் விட்டான். நூல் இரண்டாகிக் கீழே விழுந்தது. கத்தியை உடனே மேசைமேல் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"யாரு குடுத்தனுப்பினா?" என்று கேட்டாள்.

"நைனா."

"இன்னாத்துக்கு?"

"தெரியலக்கா." குரல் சட்டென்று சின்னப் பையனுடையது மாதிரி ஆகிவிட்டது. "நீ ஊருக்கு வந்ததுல இருந்து அவரு தறியில உக்காரல. யார்கிட்டயும் பேசறதில்ல. தெருவுல நாலு பேரு வந்து வந்து பேசிகினு போறாங்க, கதவ சாத்திகினு. இன்னிக்குக் காலைல இத என் கைல குடுத்தாரு. மாப்பிள்ளையே புடிக்கணும், மாப்பிள்ளையே எடுத்துகினு வந்து நைனா கைல குடுக்கணும், ரெண்டு பேருக்கும் விருந்து வைக்கணும்னாரு."

"மாப்பிள்ளைன்னா சொன்னாரு?"

"அப்டித்தான் சொன்னாரு."

"அம்மா?"

"ஒண்ணும் பேசல. என்ன பாத்தா உள்ள பூடுது." கிரண் தென்னரசுவை முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தான். "எனக்குப் பயமா கீது மாமா."

தென்னரசு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றும், தோளில் கைபோட வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் நினைத்தான். இரண்டையும் செய்யவில்லை. "போக வேணாம்" என்று சுகன்யாவிடம் சொன்னான்.

அவள் தரையில் விழுந்திருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போகலன்னா நாளைக்கும் இதே பயம். நாளான்னிக்கும் இதேதான். அவரு மூஞ்சியப் பாத்துட்டா எனக்குத் தெரிஞ்சிடும் தென்னா. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிகினு எத்தினி நாளு? விருந்துன்னா சாப்ட்டு வருவோம். வேற எதுனான்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்."

"அப்ப கத்தி இங்கியே இருக்கட்டும்."

"அது இல்லாம போனா பேஜாராய்டும் மாமா" என்றான் கிரண். "வாசல்ல நிறுத்திடுவாரு."

கிரணிடம் கொடுத்தனுப்பவும் மனசு வரவில்லை. கடைசியில் தென்னரசு அதைப் பட்டுத்துண்டில் சுற்றித் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். தன் கையில் இருக்கும்வரை அது வேறு யார் கையிலும் இல்லை என்பதுதான் அவன் கணக்கு. சுகன்யா தம்பியின் பின்னால் உட்கார்ந்தாள். இவன் தன் மொபெட்டில் பின்தொடர்ந்தான். கடை வாசலில் நின்ற நெடுஞ்செழியன் ஏதோ கத்தியது வண்டிச் சத்தத்தில் காதில் விழவில்லை.

தெருவுக்குள் நுழைந்தபோது கரண்ட் போயிருந்தது. எப்போதும் தடதடத்துக்கொண்டிருக்கும் விசைத்தறிகள் எல்லாம் நின்றுபோய், தெரு காது அடைத்த மாதிரி இருந்தது. கதவுகள் திறந்திருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள். யாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. காலனிக்காரன் ஒருவன் தங்கள் தெருவுக்குள் வண்டியில் வருகிறான். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எதிர் வீட்டு வாசலில் ஒருவன் செல்போனை மார்புயரத்தில் நேராகப் பிடித்திருந்தான்.

சுகன்யா இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனாள். நிலைப்படி தாண்டி, கூடத்தில் நாற்காலி போட்டு அவள் அப்பா சுப்பராயலு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முழங்கால்மேல் இருந்தன. அவர் எதிரே தரையில் இரண்டு இலை போட்டிருந்தது. ஆனால் வீட்டிலிருந்து அடுப்பு வாசனை எதுவும் வரவில்லை. சோறு வெந்த வாசனைகூட இல்லை.

"வாங்க மாப்பிள்ள" என்றார் தெருவுக்கே கேட்கும்படி. "கத்தி எடுத்துகினு வந்துகிறீங்களா? கைல எடுத்துகினு உள்ள வாங்க."

அவருக்குப் பின்னால், சமையலறைக் கதவோரம் மாமியார் கமலம் நின்றிருந்தாள். இதற்கு முன் அவளைத் தென்னரசு பார்த்ததில்லை. சுகன்யாவின் மூக்கும் நெற்றியும் இருந்ததால் அடையாளம் தெரிந்தது. அவள் மகளைப் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்தாள். தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தாள்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இந்தக் கத்தி அவனைக் குத்துவதற்காக வாங்கியதல்ல. அவன் கையில் இருப்பதற்காக வாங்கியது. அவனே தீட்டியது, அவனே எடுத்து வந்தது, தெருவே பார்த்தது, ஒரு போனும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலைப்படிக்குள் அவன் கத்தியோடு காலை வைத்துவிட்டால், பிறகு உள்ளே யாருக்கு என்ன நடந்தாலும், யார் எதைச் செய்திருந்தாலும், அவன்தான் செய்தான் என்று தெரு முழுக்க ஒரே சாட்சிதான் சொல்லும்.

"சுகன்யா, வெளிய வா" என்றான்.

அவள் திரும்பவில்லை. பிறகு பின்னால் நகர்ந்து தெரு நடுவுக்கு வந்தான். எல்லோரும் பார்க்கும்படி குனிந்து, பட்டுத்துண்டைப் பிரித்து, கத்தியைத் தார் ரோட்டில் வைத்தான். நிமிர்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான், முதலில் போன் வைத்திருந்தவனுக்கு, பிறகு அடுத்த வாசலுக்கு, அதற்கடுத்த வாசலுக்கு. கிரண் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தான். யாரும் அசையவில்லை. போன் வைத்திருந்தவன் மட்டும் அதை லேசாகக் கீழே இறக்கி, வீட்டுக்குள் பார்த்தான், அடுத்து என்ன என்று கேட்பவன் மாதிரி.

"சுகன்யா!"

இந்த முறை கத்தினான். அவள் திரும்பினாள். சுப்பராயலு நாற்காலியிலிருந்து எழுந்து, மகளுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றார். அவருடைய தோளுக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. தெரிந்துகொள்ள வேண்டியதை அவள் தெரிந்துகொண்டுவிட்டாள் என்பது அந்த முகத்திலேயே இருந்தது.

அந்த நேரம் கரண்ட் வந்தது. தெரு முழுவதும் விசைத்தறிகள் ஒரே சமயத்தில் உயிர்பெற்றுத் தடதடக்கத் தொடங்கின. தரை அதிர்ந்தது. கூடத்தில் குழல்விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டி எரிந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் சுகன்யாவின் உதடுகள் வேகமாக அசைந்தன. ஓடு என்கிறாளா, வா என்கிறாளா என்று அவனுக்குக் கேட்கவில்லை.