ஊசி ஏறியிருக்கும்போது கதை சொல்லக் கூடாது

1

இந்தக் கதை என் இடது மணிக்கட்டில் ஊசி இறங்கிய நொடியில் பிறந்தது. சத்தியமாக! எறும்பு கடித்தாற்போல் ஒரு சுருக், பிறகு ஒரு கனம், உடனே முதல் வரி. எனக்கோ இரண்டு கண்ணிலும் புரை. அதனால் நான் படுத்தபடி முணுமுணுக்க, பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து என் மனைவி கைபேசியில் தட்டுகிறாள்.

(முணுமுணுப்பா? தெருவுக்கே கேக்குது. – தட்டுபவள்)

2

முதல் வரி: ‘இதயம் என்பது ஒரு

வேண்டாம், அதை விடு. விஷயத்துக்கு வருகிறேன். இன்று மதியம் எதிர்க் கட்டடத்தில் எனக்குக் கண் அறுவை. ரத்த அழுத்தம் எகிறியதால் ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரை ஒழுங்காகத்தான் போடுகிறேன். ஆனால் அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினாலே நெஞ்சு தடதடக்கிறது. “மாத்திரையோட இதையும் செஞ்சு பாருங்க” என்று இதய மருத்துவர்தான் இந்த அக்குபங்சர் நிலையத்துக்கு அனுப்பினார்.

3

ஊசிக்காரம்மாவை (நான் வைத்த பட்டப்பெயர்) சாந்தமே உருவானவராகப் படைக்க நினைத்தேன். எங்கே! அதட்டுகிறார்.

“பதற்றம் வந்தா உடம்பு ஓடத் தயாராகுது ஐயா. ‘ஓட வேணாம், உக்காரு’ன்னு நரம்புக்குச் சொல்லத்தான் இந்த ஊசி. நீங்க படுத்துக்கிட்டே ஓடுறீங்க!”

“கதை வருதும்மா!”

“நாடி குதிக்குது. நிறுத்துங்க.”

“ஆகா, இதையும் போடு!” என்று மனைவி பக்கம் கையை ஆட்டினேன். ஊசி சுள்ளென்றது.

(போட்டாச்சு. இந்தத் தடவையும் திருப்பி அனுப்பினாங்கன்னா, வீட்டுக்கு நடந்தே வாங்க.)

4

முடிவு ஒன்று: அழுத்தம் இறங்குகிறது. முடிவு இரண்டு: ஏறுகிறது, மூன்றாம் முறையாக வீடு திரும்புகிறேன். இலக்கியத்துக்கு இரண்டாவதுதான் எடுப்பு. ஆனால் எனக்கு முதலாவது வேண்டும். இவள் புதுக் கண்ணாடி மாட்டியிருக்கிறாளாம். எனக்கு ஒரு மினுக்கம்தான் தெரிகிறது. இவள் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

(இதைத் தட்டக் கொஞ்சம் நேரமாச்சு.)

5

ஊசிகளை எடுத்துவிட்டார். பட்டை வருகிறது. ஐயோ, இப்போதா அபாரமான மூன்றாவது முடிவு தோன்ற வேண்டும்! சொன்னால் அழுத்தம் ஏறும். சொல்லாவிட்டால் கதை போகும். வாசகரே, கதையை உங்கள் தலையில் கட்டிவிட்டு நான் வாயை மூ

(மூடிட்டார்! கல்யாணமான நாள்லேருந்து இதான் முதல் தடவை. மீட்டர்ல என்ன வந்துச்சுன்னு நான் பாத்துட்டேன். இங்க தட்ட மாட்டேன். மதியத்துக்கு மேல அவரே தன் கண்ணால பாத்து எழுதிக்கட்டும்.)