மணல் ஒட்டிய நிலா

தேர்வு தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, புவியியல் டீச்சர் கைக்கடிகாரத்தைப் பத்துத் தடவை தொட்டுப் பார்த்துவிட்டார். தேர்வு எழுதுவது அவர் அல்ல, அவருடைய பிள்ளைகள். அது இன்னும் மோசம். எழுதுகிறவர்களுக்காவது கையில் ஒரு வேலை இருக்கிறது.

பார்வையற்றோர் பள்ளி அது. டீச்சருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஹாலில் ஏழு பிள்ளைகள், வேறு பள்ளியிலிருந்து வந்த ஒரு மேற்பார்வையாளர், அவருடைய கிறீச்சிடும் செருப்பு. மேற்பார்வையாளருக்கு பிரெய்ல் தெரியாது. அதனால் படத் தாள்களைத் தொட்டுப் பார்த்து, எது எந்தக் கேள்விக்கு உரியது என்று எடுத்துக் கொடுக்க மட்டும் டீச்சரை உள்ளே விட்டிருந்தார்கள். எடுத்துக் கொடுக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. "யாருக்காவது ஏதாவது சொல்லிக் கொடுத்தீங்கன்னா அந்தப் பிள்ளையோட பேப்பர் கேன்சல்" என்று மனிதர் காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எல்லோருக்கும் கொடுத்த பிறகு நிலாப் படத்தில் ஒரு தாள் மிஞ்சியது. அதை வைத்துவிட்டு டீச்சர் பேசாமல் இருந்திருக்கலாம். விரல் சும்மா இருந்தால்தானே. நடுவில் பூமி, சுற்றிலும் நான்கு இடத்தில் நிலா. பூமியிலும் நிலாக்களிலும் பாதி சொரசொரப்பு, பாதி வழவழப்பு. சூரியனைப் படத்தில் போடவில்லை. வெளிச்சம் எந்தப் பாதியில் விழுகிறது என்று பார்த்து, சூரியன் எந்தப் பக்கம், எந்த நிலா பௌர்ணமி, எது அமாவாசை என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். நல்ல கேள்விதான் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டே கீழே ஓரத்தில் இருந்த குறிப்புக் கட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனார். 'சொரசொரப்பு – இருள்' என்றது கட்டம்.

இன்னொரு முறை தடவினார். இருள்தான்.

அவர் பாடம் நடத்திய கதையே வேறு. அட்டையை வட்டமாக வெட்டி, வெளிச்சம் படும் பக்கத்தில் பசை தடவி, சலித்த மணலை ஒட்டி, வீட்டுக்காரர் திட்டத் திட்ட சாப்பாட்டு மேசையெல்லாம் மணலாக்கிச் செய்த நிலாக்கள் அவை. மணல் இருந்தால் வெளிச்சம், இல்லாவிட்டால் இருட்டு. கைக்குத் தட்டுப்படுவதுதானே தெரிகிற பாகம் என்பது அவர் நியாயம். கேள்வித்தாள் தயாரித்தவர்கள் கண் உள்ளவர்கள். அச்சுப் படத்தில் கறுப்பாக இருந்ததையெல்லாம் புடைக்க வைத்துவிட்டார்கள். அவர்கள் மேலும் குற்றம் சொல்ல முடியாது, அதற்குத்தான் கட்டம் போட்டிருக்கிறார்களே.

ஆனால் கட்டத்தைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள் என்று வருடம் முழுக்கப் பாடம் போட்டது யார்? இந்தத் திருவாய்தான். "எப்பவும் ஒண்ணுதான்டா, மணல்னா வெளிச்சம், நேரா கேள்விக்குப் போங்க." இப்போது பிள்ளைகள் நேராகத்தான் போய்க்கொண்டிருப்பார்கள். பௌர்ணமி அமாவாசையாகும், அமாவாசை பௌர்ணமியாகும்.

டீச்சர் உடனே நினைத்தது வக்கீலை. வாய்க்கு வாய் எதிர்வாதம் செய்வதால் வகுப்பு அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் அது. மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அவளை அறிவியல் பிரிவில் சேர்க்க டீச்சர் நடையாய் நடந்திருந்தார். படம் நிறைந்த பாடத்தைப் பார்வையில்லாத பெண் எப்படிப் படிப்பாள் என்று அந்தத் தலைமையாசிரியை முதலில் கையை விரித்துவிட்டார். பிறகு மனம் இரங்கி, இந்தத் தேர்வில் படக் கேள்விகளை ஒன்று விடாமல் சரியாக எழுதட்டும், சேர்த்துக்கொள்கிறேன் என்றார். பஸ் ஓட்டுகிற அப்பா லீவு போட்டுவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு படம் போனால் எல்லாம் போச்சு.

டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேற்பார்வையாளரிடம் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், பொது விதிமுறையை இன்னொரு தடவை படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? ஆரம்பத்துலயே படிச்சாச்சே."

"குறிப்பு எல்லாத்தையும் கவனமா படிக்கணும்னு ஒரு வரி வருது. அதை மட்டும்."

"உங்களுக்கு என்ன ஆச்சு டீச்சர்? கொஞ்சம் உட்காருங்க."

உட்கார்ந்தார், எழுந்தார். ஊசியால் தாளில் குத்திக் குத்தி எழுதுகிற சத்தம் ஏழு பக்கமிருந்தும் வந்தது. வேறு நாளில் அந்தச் சத்தம் அவருக்குத் தாலாட்டு. இன்று ஒவ்வொரு குத்தும் அவர் மேலேயே விழுந்தது. குத்திய புள்ளியை அழிக்கவும் சுலபத்தில் முடியாது.

கடைசி மேசையில் ஆமாஞ்சாமி தாள் கேட்டுக் கை தூக்கியிருப்பதாக மேற்பார்வையாளர் சொன்னார். என்ன சொன்னாலும் ஆமாம் டீச்சர், சரி டீச்சர் என்கிற சாது. ஒவ்வொரு பரீட்சையிலும் நூலிழையில் பாஸ் ஆகிறவன். டீச்சர் வெற்றுத் தாளைக் கொண்டுபோய் அவன் கையில் திணித்தார். காது மட்டும் வக்கீல் பக்கமே இருந்தது. அவளுடைய ஊசிச் சத்தம் நின்று வெகு நேரமாகிவிட்டது.

ஏன் நின்றது? குழம்பிவிட்டாளா? சொல்லலாமா, சொன்னால் பேப்பர் கேன்சல், சொல்லாவிட்டால் படிப்பு கேன்சல். வாயைத்தானே திறக்கக் கூடாது என்றார்கள் என்று ஒரு குறுக்குப் புத்தி வந்தது. இத்தனை வருட வேலையில் வராத புத்தி.

செருப்புச் சத்தம் ஜன்னல் பக்கம் போனபோது அவர் வக்கீலின் மேசைக்குப் போனார். தடவிப் பார்த்தார். நிலாப் படம் மற்ற தாள்களுக்கு அடியில் கிடந்தது. அதை உருவி மேலே வைத்து, பெண்ணின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தக் கட்டத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

வக்கீல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "டீச்சர், அந்தக் கேள்விய நான் அப்பவே எழுதி முடிச்சிட்டேன்" என்றாள். ஹாலுக்கே கேட்டது. ஊசிகள் எல்லாம் நின்றன.

செருப்பு விறுவிறுவென்று வந்தது. "என்ன நடக்குது இங்க?"

"நான்தான் சார் கையை வெச்சேன். பொண்ணு எதுவும் கேக்கல" என்றார் டீச்சர். அவமானத்தில் காது மடல் சுட்டது.

மனிதர் மேசையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "முடிச்சிட்டேன்னு அவ சொன்னதை எல்லாரும் கேட்டாங்க. படம் அடியில இருந்ததை நானும் முன்னாலயே பார்த்தேன். அவ பேப்பர்ல கை வைக்க மாட்டேன். உங்க பேரை எழுதித்தான் ஆகணும் டீச்சர். வெளியே போங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் பஸ் ஓட்டுநர் அப்பா நகர்ந்து இடம் கொடுத்தார். "எப்படிம்மா எழுதுறா?" என்று கேட்டார். "எழுதுறா" என்றார் டீச்சர். மேலே ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவோமோ என்று பயந்தார்.

மணி அடித்ததும் முதல் ஆளாக வந்தது வக்கீல்தான். வந்ததும் சண்டை.

"என்ன டீச்சர் நீங்க? நான் கத்தலேன்னா பேப்பர் போயிருக்கும்."

"ஊசிச் சத்தமே காணோமே, அதான்."

"பாறைக் கேள்விக்கு யோசிச்சிட்டிருந்தேன். யோசிக்கக் கூடாதா?"

"நிலாவுக்கு என்ன எழுதின? கட்டத்தைப் படிச்சியா?"

"முதல்ல படிக்கல, நீங்கதான் படிக்காதேன்னீங்களே. பூமி மேல ஒரு இடத்துல நண்பகல்னு எழுதியிருந்தாங்க. தொட்டா வழவழன்னு இருக்கு. நீங்க சொன்னபடி பார்த்தா அது இருட்டு. நட்ட நடு மத்தியானத்துல எப்படி டீச்சர் இருட்டா இருக்கும்? அப்புறம்தான் கட்டத்தைத் தேடினேன். சரியாத்தான் எழுதியிருக்கேன்."

டீச்சருக்கு அந்த எழுத்து விரலில் படவே இல்லை. நிலாக்களிலேயே கவனம் போனதில் பூமியைத் தொட்டதும் தொடாததுமாக விட்டிருக்கிறார். உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. பெண்ணின் தலையைத் தடவினார். அறிவியல் பிரிவு நிச்சயம் என்று அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் கைத்தடியைத் தட்டிக்கொண்டு ஆமாஞ்சாமி வந்துவிட்டான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"டீச்சர், நிலாக் கேள்வி எனக்கு ரொம்ப ஈசி. கட்டத்தைத் தொடவே இல்ல. மணல்னா வெளிச்சம், அவ்வளவுதான். மத்ததெல்லாம் சுமார்தான் டீச்சர், ஆனா இதை வெச்சே பாஸ் ஆயிடுவேன்."

அவன் மேசைக்கும் போயிருந்தார். வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். இவன் என்ன எழுதுகிறான் என்று ஒரு நொடி நினைக்கத் தோன்றவில்லை. விதியை மீறியதும் ஒருத்திக்காக, அதுவும் தேவைப்படாத ஒருத்திக்காக.

வக்கீல் அப்பா பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

"தப்புப்பா. உன் தப்பு இல்ல. நான் சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு" என்றார் டீச்சர்.

கைத்தடிச் சத்தம் நின்றது. "அதுக்கு எத்தனை மார்க் டீச்சர்?" என்று கேட்டான்.

அது டீச்சருக்குத் தெரியும். அவன் கையைப் பிடித்துப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.