எடை: எடையைக் குறிக்கும்

1

இக்கதை கோபத்தில் பிறந்தது, மறைப்பானேன்? என் மருமகள் ஒரு நாய்க் காப்பகத்தின் தரவுத்தளத்தைப் பராமரிப்பவள். அதன் அட்டவணைகளில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒருவரி விளக்கம் உண்டு. “படிச்சா புரியுதான்னு மட்டும் பாருங்க மாமா” என்று அலுவலகத்தில் என்னை உட்கார்த்தி, அச்சிட்ட தாளைத் தந்தாள்.

முதல் வரி: ‘எடை: எடையைக் குறிக்கும்.’

முப்பத்தோராண்டு ஆசிரியப் பணியில் இத்தகைய விடைக்கு நான் சுழியத்தைத் தவிர வேறொன்றும் வழங்கியதில்லை.

2

[தொடக்கம், முதல் முயற்சி: அன்று காலை மெல்லிய காற்று— வேண்டாம். காற்றுக்கும் இக்கதைக்கும் தொடர்பில்லை.]

கிளைக் காப்பகத்திலிருந்து மாற்றப்பட்ட குண்டன் என்னும் கிழட்டு நாய் என் காலடியில் படுத்திருந்தது. அதைத் தத்தெடுத்துத் தன் வீட்டிற்கு அழைத்துச் செல்ல, அடுத்த தெருத் தையற்காரம்மா புதுக் கழுத்துப்பட்டையுடன் வந்துவிட்டார். காப்பகத்தின் மருத்துவரோ கணினித் திரையைக் காட்டி மறுத்தார்.

“மூணே நாள்ல ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கும்மா. உள்ளே ஏதோ பெரிய வியாதி. அனுப்ப முடியாது.”

“வியாதிக்காரனா? என் பிஸ்கட் பொட்டலத்தையே காலி பண்ணிட்டான் டாக்டர்!” தையற்காரம்மா காலிப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினார்.

3

[மருத்துவரை முதலில் கொடியவராக எழுதினேன், அடித்துவிட்டேன். அவர் எண்ணை நம்பினார். அவ்வெண்ணுக்கு ஒழுங்காக விளக்கம் எழுதாதவரே குற்றவாளி.*]

“அந்தக் கிளையில எப்படிம்மா எடை போடுவாங்க?” என்றேன்.

மருமகள் தொலைபேசியில் விசாரித்தாள். பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. “நாய் துள்ளுதுன்னு கூண்டோடயே தூக்கி வைப்பாங்களாம் மாமா! நாம இங்க நாயை மட்டும்தானே எடை போடுறோம்?”

“கூண்டு எவ்வளவு?”

“சரியா ஒன்பது!”

“அப்போ இளைச்சது கூண்டுதான். கூட்டிட்டுப் போங்கம்மா” என்று மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார்.

நான் சிவப்பு மையில் எழுதினேன்: ‘எடை: நாயின் எடை மட்டும், கூண்டு நீங்கலாக, கிலோகிராமில்.’

* அவர் யாரென்பதை வீட்டு அமைதி கருதி வெளியிடவில்லை. இரவுச் சோறு அவர் கையால்தான்.

4

வாசல்வரை சென்ற குண்டன் திரும்பி ஓடிவந்து, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. மேசையிலிருந்த தாள்களெல்லாம் பறந்தன.

“‘வாலாட்டல்’னு ஒரு நெடுவரிசை சேர்த்துட்டேன் மாமா. விளக்கம் சொல்லுங்க பார்ப்போம்!”

‘வாலாட்டல்: நன்றி.’ சான்று எங்கே?

‘வாலாட்டல்: பிஸ்கட் வேட்கை.’ அவதூறு.

‘வாலாட்டல்: வாலாட்டலைக் குறிக்—’ சீ!

முடியவில்லை, வாசகரே. தாங்களே நிரப்புங்கள்.

வாலாட்டல்: ……………………

இரு பொருள் பட்டாலும், இம்முறை மதிப்பெண் குறைக்க மாட்டேன்.