பக்கத்து இருக்கையின் பிரேக்

கார் சாவியை வீடே தேடிக்கொண்டிருந்தது. செருப்பு அலமாரி, மேசை இழுப்பறை, துணி துவைக்கும் மெஷினின் உள்புறம், எதையும் விடவில்லை. டிரைவிங் ஸ்கூலின் பழைய வெள்ளைக் கார் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அமரர் ஊர்தி உள்ளே வர வழியில்லாமல் தெருவிலேயே நின்றது. அதன் டிரைவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முன்னறைக் கட்டிலில் கிடந்தவருக்கு மட்டும்தான் அவசரம் எதுவும் இல்லை.

தள்ளிப் பார்த்தார்கள். அது நகருமா? முதல் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லும் கொடுத்து, நான்கு கதவையும் பூட்டி வைத்திருந்தார் மகராசன். சமதரையில் நிற்கிற காருக்கு எதற்கு இத்தனை காவல் என்று யாராவது கேட்டால், "பாடம்னா பாடம்தான்" என்பார். இருபதாயிரம் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவராம். அந்த எண்ணிக்கையும் அவர் சொன்னதுதான். ஊரில் பிரேக் வாத்தியார் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் மனைவி சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி எங்கே இருக்கிறதென்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"மாத்துச் சாவி ஒண்ணு இருக்குமே அண்ணி?" என்றார் கொழுந்தனார்.

"ரெண்டையும் ஒரே வளையத்துலதான் மாட்டி வச்சிருந்தாரு."

மாற்றுச் சாவியைத் தனியே வையுங்கள் என்று வகுப்புக்கு வகுப்பு கரும்பலகையில் எழுதிப் போட்ட மனுஷன் அவர். ஊருக்குத்தானே உபதேசம்.

"என்ன இருந்தாலும் அண்ணன் மாதிரி வராது" என்று கொழுந்தனார் பேச்சை மாற்றினார். "முப்பத்திரண்டு வருஷம், லீவு விட்டா போதும், குடும்பத்தைத் தானே ஓட்டிக் கூட்டிட்டுப் போவாரு. வண்டில ஒரு கீறல் உண்டா?"

வண்டியில் இல்லைதான். அவள் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் பிரேக்கும் கிளட்சும் உண்டு. பழகுகிறவன் தடுமாறினால் வாத்தியார் மிதிப்பதற்கு. விடுமுறைக்குப் போகும்போது வாத்தியார் ஸ்டியரிங் பக்கம் போய்விட, அந்த இருக்கை இவளுக்கு வரும். ஏறி உட்கார்ந்ததும் முதல் வாக்கியம், "காலை மடக்கி வை." தெரியாமல் மிதித்துவிட்டால் மொத்தக் குடும்பமும் பரலோகம் போய்விடுமாம். மலைக்குப் பதினொரு மணி நேரம், கடலுக்கு ஒன்பது, ஏரிக்குப் பதினான்கு. அத்தனை மணி நேரமும் காலை இருக்கையோடு ஒட்டி மடக்கி, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு, வளைவு வந்தால் வாந்தியெடுத்துக்கொண்டு போவாள். "ரோட்டைப் பாரு, வாந்தி வராது" என்பார் வாத்தியார். அவளும் முப்பத்திரண்டு வருஷமாக ரோட்டைத்தான் பார்த்தாள். போன ஊர்களில் எதைப் பார்த்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இந்த வருஷம் பிள்ளைகள் தலையெடுத்தார்கள். சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது. ஏரிக்கு ஃபிளைட்டில் போனால் ஒன்றரை மணி நேரம் என்றான் மகன்.

"ஒன்றரை மணியா? ஏர்போர்ட்டுக்கு ரெண்டு மணி நேரம், அங்க காத்திருக்க மூணு மணி நேரம், இறங்கிப் பொட்டிக்கு ஒரு மணி நேரம். கணக்கு போடு. அதுக்கு நான் பாதி தூரம் போயிருப்பேன்" என்றார் வாத்தியார். "நடுவுல நிறுத்தச் சொன்னா நிறுத்துவானா அவன்?"

"நீங்க மட்டும் நிறுத்துனீங்களா?" என்று இவள் கேட்டுவிட்டாள். ஃபிளைட் வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னான் மகன். மகள் தூக்கினாள், மருமகன் தூக்கினான், இவளும் தூக்கினாள். வாத்தியார் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், சிக்னலில் யாரோ குறுக்கே வந்துவிட்ட மாதிரி.

டிக்கெட் போட்டாயிற்று. அவளுக்கு ஜன்னலோர இருக்கை. குளிரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு ஜோடி காலுறை வாங்கினாள். புதுச் செருப்பு வாங்கினாள். அறுபது வயதில் இந்தக் கூத்தா என்று அவளுக்கே சிரிப்பாக இருந்தது. ஆனாலும் தினமும் பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்து மூடினாள்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றவர் லேசில் விடுவாரா? போன ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார். "நீங்க பறந்து வாங்க. நான் ஓட்டிட்டே வர்றேன். யாரு முதல்ல போய்ச் சேர்றதுன்னு பாத்துடுவோம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "இவ என்கூட வருவா. பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்ல."

பேச்சுத் துணையாம். பதினான்கு மணி நேரத்தில் அவர் பேசுகிற பேச்சு முழுவதும் முன்னால் போகிறவனின் பரம்பரையைப் பற்றித்தான் இருக்கும். அன்று மத்தியானம் அவர் தூங்கியபோது ஆணியில் தொங்கிய சாவி வளையத்தை எடுத்து, பெட்டிக்குள் காலுறைக்கு அடியில் வைத்துவிட்டாள். விமானம் கிளம்பும் வரைக்கும்தான். பிறகு அவரே வைத்துக்கொள்ளட்டும், கட்டிப்பிடித்துத் தூங்கட்டும்.

அடுத்த நாலு நாளும் வகுப்பே இல்லை. தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். நேற்றுச் சாயங்காலம் மாடிக்கும் கீழுக்குமாக ஐந்து தடவை ஏறி இறங்கினார். கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"நீ பாத்தியா?" என்று கேட்டார்.

"உங்க சாவியை நான் எதுக்குப் பாக்கப் போறேன்?"

"எங்க வச்சேன்னே தெரியலையே. எனக்கு இப்படி ஆனதே இல்லையே" என்றார். முதல் தடவையாக அந்தக் குரலில் வாத்தியார் இல்லை. அவளுக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. தேடட்டுமே என்று அடுப்பைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது மூன்றாவது படியில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். டாக்டர் வந்து, நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து, மாரடைப்பு என்றார். படி ஏறினாரா என்று கேட்டார். ஏறினார் என்று மகன் சொன்னான்.

வெளியே ஹாரன் அடித்தது.

"கண்ணாடியை உடைச்சிடலாமா?" என்றான் மருமகன்.

"உடைச்சா? ஸ்டியரிங் லாக் ஆயிருக்கும். சாவி இல்லாம அசையாது" என்றான் மகன். அப்பாவின் குரல் அப்படியே இருந்தது. அவள் எழுந்தாள்.

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பெட்டியைத் திறந்து காலுறைக்கு அடியில் கையை விட்டாள். வளையம் சில்லென்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பாவி மனுஷா, ஒரே ஒரு தடவை சரி என்று சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? அழுகை வருமென்று நினைத்தாள். கோபம்தான் வந்தது, அவர் மேல் பாதி, யார் மேலென்று அவள் சொல்ல விரும்பாத மீதி.

வெளியே வந்து சாவியை நீட்டினாள்.

"எங்கம்மா இருந்துது?"

"அவரு சட்டைப் பைலதான்" என்றாள். "கழட்டிப் போட்ட சட்டைல. வச்சது எங்கன்னு அவருக்கு எப்பத் தெரிஞ்சிருக்கு?"

கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பைல வச்சுக்கிட்டே ஊரெல்லாம் தேடியிருக்காரு பாரு." அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆயுசு முழுக்க ஒரு சாவியைக்கூடத் தொலைக்காத மனுஷன், கட்டிலில் கிடந்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டியதாயிற்று.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. காலையில் அப்பாவுக்குச் சட்டை மாற்றியது அவள்தான். பழைய சட்டையின் பையைத் துழாவி, பேனாவையும் கண்ணாடியையும் எடுத்து மேசையில் வைத்தவளும் அவள்தான். அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் பார்வை கேட்டில் இருந்தது. மகள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

மகன் காரை வெளியே எடுத்தான். ஊர்தி உள்ளே வந்தது, அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அதன் பின்னால் அந்த வெள்ளைக் காரே முதலில் போகட்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதுதான் அவருக்கு மரியாதையாம். மகள் பின் இருக்கையில் ஏறினாள். இவளுக்கு வழக்கமான இடம்.

ஏறியதும் கால் தானாக மடங்கிக்கொண்டது. யாரும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. புதுச் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம் என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

தெருமுனை வந்தது. முன்னால் ஊர்தி நிதானமாகப் போனது. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு இவ்வளவு மெதுவாக யாரும் வண்டி ஓட்டியதில்லை. இப்போது அவரால் ஒரு வார்த்தை திட்ட முடியாது.

அவள் காலை நீட்டினாள். முதலில் ஒன்றை, பிறகு மற்றதை. முழங்கால் சடசடத்தது. வலது பாதத்துக்கு அடியில் பிரேக் பெடல் தட்டுப்பட்டது. ரப்பர் தேய்ந்து, அவர் பாதத்துக்கே வார்த்த மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் பாதத்தை வைத்து அழுத்தினாள்.

கார் குலுங்கி, செருமி, நின்றுபோனது.

"என்னம்மா?" மகன் பதறினான். பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஊர்தி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மகன் சாவியைத் திருகினான், வண்டி முன்னால் ஒரு துள்ளு துள்ளி மறுபடி அணைந்தது. மறுபடி திருகினான்.

"பதறாத" என்றாள் அவள். "கிளட்சை மிதி. நியூட்ரலுக்குக் கொண்டு வா. இப்ப சாவியைத் திருப்பு."

மகன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பின்னாலிருந்த மகளும் பார்த்தாள். அவன் அப்படியே செய்தான், வண்டி ஸ்டார்ட் ஆனது. கியர் போட்டுக் கிளட்சை விட்டுப் பார்த்தான். முனகியதே தவிர, வண்டி நகரவில்லை.

"அம்மா, காலை எடும்மா."

ஊர்தி தூரத்தில் சிக்னலைத் தாண்டி வலது பக்கம் திரும்பியது. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை எடுக்கவில்லை.