பொட்டு வைத்த வால்வு

ஆயுத பூஜை என்றாலே ரேடியோ ரிப்பேர் கைலாசத்துக்கு ஆகாது. ஊர்ப்பட்ட சனம் அரிவாள்மணையிலிருந்து சைக்கிள் வரைக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கட்டும், அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரேடியோப் பெட்டியின் முதுகுப் பலகையைக் கழற்றி, உள்ளே இருக்கிற வால்வுக்கும் பொட்டு வைக்கணும் என்று இவர்களுக்கு எந்த மகராசன் சொல்லிக்கொடுத்தான்?

வால்வு என்றால் சின்ன பல்பு மாதிரி ஒரு கண்ணாடிக் குப்பி. அதன் மேல் வெள்ளை மையில் நம்பர் அச்சடித்திருக்கும். ஈரத்துணி பட்டால் போதும், நம்பர் போயே போச்சு. நம்பர் போன வால்வு என்ன வால்வு என்று செய்தவனைக் கேட்டாலும் முழிப்பான். மேலகரம் ஆறுமுகநயினார் வீட்டில் அதுதான் நடந்தது. அவர் சம்சாரம் முருகம்மாள் பக்தியாகத் துடைத்தாள். துடைக்கிறபோது எதையாவது தட்டிவிட்டாளோ என்னவோ, மறுநாள் பெட்டி ஊமையாகிவிட்டது. ஒரு வால்வு செத்துப்போயிருந்தது.

வேறு வீடாக இருந்தால், சண்டை முடியட்டும் அண்ணாச்சி, சீமையிலிருந்து கப்பல் வந்தால் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கைலாசம் தன் சோலியைப் பார்த்திருப்பார். இந்த வீட்டில் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இவர்கள் மகன் செல்லப்பா பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போனவன். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு அவனைப் பற்றி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் ஜப்பான்காரன் தன் ரேடியோவில் பிடிபட்ட சிப்பாய்களின் பேரை வாசிக்கிறான் என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து முருகம்மாள், எதிரி ரேடியோ கேட்பது சர்க்காருக்குத் தெரிந்தால் வம்பு என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார ஆரம்பித்தாள். பேர் வந்தால் பிள்ளை உயிரோடு இருக்கிறான். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கைலாசம் அலையாத இடமில்லை. மதுரைக்கு எழுதினார், மெட்ராசுக்கு எழுதினார். நம்பர் என்ன என்று கேட்டுப் பதில் வந்தது. நம்பர் தெரிந்தால் நான் ஏன்டா உனக்கு எழுதுகிறேன் என்று கார்டைக் கிழித்துப் போட்டார். தென்காசி பஜாரில் பழைய சாமான் விற்கிற துல்கர்னைன் ஒரு வால்வைத் தேடி எடுத்துத் தந்தார். அதன் கால்களே வேறு மாதிரி. கைலாசம் பெட்டிக்குள் வால்வு செருகுகிற குழியையே மாற்றி வைத்தார். கிடைக்காத சில்லறைச் சாமானுக்குப் பதிலாகப் பென்சில் கரியைச் செருகினார். மழை ஈரம் குடித்துப்போன கண்டன்சர் என்கிற காகிதச் சுருளைக் காயவைத்துக் குற்றாலத்து மலைத்தேன் மெழுகில் முக்கினார். இவ்வளவு பாடுபட்டதற்குப் பெட்டி கொஞ்ச நேரம் ஊளையிட்டது, அப்புறம் புகைந்து நாறியது. அவர் அதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பழையபடி மாட்டினார். முதுகு ஒடிந்துவிடும்போல இருந்தது. போதும்டா சாமி என்று ஆகிவிட்டது.

இன்னும் ஒரே ஒரு வழிதான் பாக்கி. அது முதல் நாளே தெரிந்த வழி. சண்டைக்கு முன்னால் கைலாசம் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் வரவழைத்து விற்றிருந்தார். ஒன்று இந்த வீட்டில். மற்றது புளியறையில் பென்சன் சுபேதார் இசக்கியப்பன் வீட்டில். அங்கே போய் வால்வு நம்பரைப் பார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. ஆனால் சுபேதார் மகன் சுடலையாண்டியும் சிங்கப்பூர் போனவன்தான். அவன் செத்துவிட்டான் என்று பூஜை முடிந்த கையோடு தந்தி வந்திருந்தது. தந்தி வந்த வீட்டில் போய் ரேடியோ நம்பர் பார்க்கணும் என்று எந்த மூஞ்சியோடு கேட்பது? அதனால்தான் இத்தனை நாள் அந்தப் பக்கம் தலைவைக்காமல் இருந்தார். கடைசியில் வேறு போக்கில்லாமல், பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினார்.

சுபேதார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், திரும்பவேயில்லை. அவர் மனைவி உச்சிமாகாளிதான் பெட்டி இருக்கிற இடத்தைக் காட்டினாள். கைலாசம் முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே அத்தனை வால்விலும் சந்தனம், நடுவில் குங்குமம். ஒன்றிலாவது நம்பர் இருக்கணுமே! கைலாசம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கு வந்தேன் என்று தட்டுத்தடுமாறி அந்த அம்மாளிடம் சொன்னார்.

அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எந்தக் குப்பி வேணுமோ எடுத்துக்கிடுங்க. எங்களுக்கு இனி கேக்கதுக்கு என்ன இருக்கு?" என்றாள்.

மேலகரத்துப் பெட்டியில் எந்தக் குழியில் இருந்த வால்வு செத்ததோ, அதே குழியிலிருந்து இங்கே ஒன்றை உருவித் துண்டில் சுற்றிக்கொண்டார். அந்தப் பொட்டைத் துடைக்க அவருக்கு மனசு வரவில்லை. தெருவில் இறங்கி நடந்தபோது உச்சிமாகாளி பின்னாலேயே வந்தாள்.

"சர்க்காரு தந்தி சரியாத்தான் இருக்கும். இருந்தாலும், பேரு வாசிக்கும்போது சுடலையாண்டின்னு வந்தா ஒரு எட்டு வந்து சொல்லுதீங்களா?"

சொல்லுதேம்மா என்றார் கைலாசம். வேறு என்னத்தைச் சொல்ல?

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் மேலகரத்தில் வால்வை மாட்டினார். முருகம்மாள் விளக்கைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறுமுகநயினார் நாற்காலியில் இருந்தபடி, எங்கே கிடைத்தது என்று கேட்டார். துல்கர்னைன் கடையில் என்று கைலாசம் வாய் கூசாமல் புளுகினார். தீட்டு வீட்டுச் சாமான் என்று தெரிந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற பயம்தான்.

முருகம்மாள் விளக்கைத் தாழ்த்திப் பிடித்துப் பெட்டிக்குள் பார்த்தாள்.

"கடைச் சாமானுக்கு யாரு அண்ணாச்சி பொட்டு வைப்பா?"

அதற்குமேல் மறைக்க அவருக்குத் தெம்பில்லை. புளியறை வீட்டையும் தந்தியையும் அந்த அம்மாள் தெருவில் வந்து கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஆறுமுகநயினார் எழுந்துவிட்டார். "எம் பிள்ளை பேரு வாற பெட்டியில எழவு வீட்டுச் சாமானையா வைக்கீரு? கழத்தும்வே அதை."

கைலாசம் கையை நீட்டினார். சத்தியமாகக் கழற்றியிருப்பார், அவ்வளவு அலுப்பு. முருகம்மாள் பெட்டியை மறித்து நின்றாள்.

"கழத்தாதீங்க. அவளும் நம்மள மாதிரிதான் பொட்டு வச்சிருக்கா." புருஷனைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு கைலாசத்திடம், "அந்தப் பிள்ளை பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"சுடலையாண்டி."

அவள் பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி அந்தப் பேரை இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கைலாசம் பெட்டியைப் போட்டார். வால்வு மெல்லச் சிவந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் ஏறி வந்தது. பேர்கள் வந்தன, பஞ்சாபிப் பேர்கள், மலையாளத்துப் பேர்கள், நம்ம பக்கத்துப் பேர்களும் வந்தன. ஒவ்வொரு பேருக்கும் முருகம்மாள் உதடு அசைந்தது. நின்றுகொண்டே இருந்த ஆறுமுகநயினார் எப்போது உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. ஜப்பான்காரன் பேர்களை முடித்துக்கொண்டு மேளம் வாசிக்க ஆரம்பித்துவிட்டான். செல்லப்பா வரவில்லை. சுடலையாண்டியும் வரவில்லை.

கைலாசம் பெட்டியை அணைத்தார். பெற்றவளுக்கு ஆறுதல் சொல்லுகிற சாமர்த்தியம் அவருக்கு என்றைக்கும் கிடையாது.

"நாளைக்கும் வாசிப்பாம்லா?" என்றாள் முருகம்மாள்.

"வாசிப்பாம்மா."

"அப்பம் நாளைக்கு அவளை இங்கன கூட்டிட்டு வாங்க. அவ பிள்ளை பேரை அவளே வந்து கேக்கட்டும்."

ஆறுமுகநயினார் மறுப்பார் என்று கைலாசம் எதிர்பார்த்தார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புளியறையிலிருந்து மத்தியானம் எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார்.