கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்

சேரங்கோட்டு அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு ஞாயிறுதோறும் வரும் வைத்திய வேன் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கென்று அந்த நாட்டுத் தர்ம ஸ்தாபனம் ஒன்று அனுப்பி வைத்த டீசல் வண்டி. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களும் கப்பலேறி வந்தவர்கள்தான் என்பதால், ‘நம்ம கூட்டாளி வந்துட்டான்’ என்றுதான் அதைச் சொல்வார்கள்.

லயத்தில் இருந்த அன்னக்கிளிக்கு அந்த வேன் மேல் தனிப் பிரியம் இருந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மழையில், வேன் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குப் பிரசவ வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. கூடலூர் போகும் வழியில் மூன்று இடத்தில் மண் சரிந்திருந்தது. அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போன டிரைவர் சுவிசேஷமுத்து மூன்று இடத்திலும் இறங்கி, மம்பட்டியால் மண்ணை வாரித் தள்ளிவிட்டு, சக்கரம் வழுக்காமல் உருட்டி, மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். இன்னும் அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் தாயுமில்லை, பிள்ளையுமில்லை என்று டாக்டர் சொன்னார். பெண் பிள்ளை பிறந்தது.

ஒரு மாதம் கழித்து நன்றி சொல்லப் போனாள். சுவிசேஷமுத்து குன்னூர்க்காரர், கூச்ச சுபாவம். வண்டி ஓடியது, நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே அவள் திரும்பி வந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வேனைப் பார்க்கும்போதெல்லாம் அது உறுத்தியது.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் வேன் மேடேறி வரும்போதே என்னவோ நார் பிரிந்து உரசுகிற சத்தம் கேட்டது. அன்னக்கிளியின் புருஷன் வடிவேல் வாசலில் நின்று காது கொடுத்தான். இலங்கையில் அட்டன் டவுனில் ஒரு கராஜில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் அவன். அங்கே ஃபேன் இறக்கையில் மாட்டி வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போயின. இங்கே வந்த பிறகு அந்தக் கையைப் பார்த்துவிட்டு எந்தப் பட்டறையிலும் அவனைச் சேர்க்கவில்லை. தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, வண்டிய நிறுத்துங்க. இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று கையைக் காட்டிக்கொண்டு ஓடினான்.

மூடியைத் திறந்து பார்த்தால், டைமிங் பெல்ட்டின் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. பற்களில் இரண்டு அடியோடு கிழிந்து தொங்கின. எஞ்சின் சுழலச் சுழல வால்வுகளையும் டீசல் பம்பையும் தாளம் தப்பாமல் திறந்து மூட வைப்பது அந்தப் பல் வைத்த ரப்பர் பெல்ட்தான். ஓட்டத்தில் அது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும். அதோடு எஞ்சினின் கதை முடிந்தது.

புது பெல்ட் மூன்று மாதமாக டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்தது. டிரைவர் கோயமுத்தூரில் இரண்டு பட்டறையில் கேட்டாராம். பெல்ட்டுக்குப் பதில் செயின் வைத்த எஞ்சின் என்றால் சரி, இது எங்களுக்குப் பழக்கமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுத்தெல்லாம் ஜெர்மன். படத்தில் மட்டும், பெல்ட்டின் விறைப்பை அளக்க ஒரு கருவி இருந்தது. அந்தக் கருவி வரவில்லை.

வடிவேல் தயங்கித் தயங்கிச் சொன்னான். கருவி இல்லாமலே மாட்டலாம், ஆனால் தன் கை அதற்கு ஆகாது. அன்னக்கிளி மாட்டுவாள்.

மருந்துக்காக நின்றிருந்த சனங்களில் சிலர் சிரித்தார்கள். சுவிசேஷமுத்து சிரிக்கவில்லை.

“எத்தன தடவைங்க மாட்டியிருக்கீங்க?”

“ரெண்டு தடவண்ணே. அங்கன ஒரு பேக்கரிக்காரரோட ஜப்பான் வேனுக்கு. வெரலு என்னோடது, புத்தி இவரோடது.”

அவர் ஸ்பானரை வேட்டித் துணியால் துடைத்து அவள் கையில் கொடுத்தார். அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை, வேனில் வந்திருந்த நர்ஸம்மா வாங்கிக்கொண்டாள்.

பேட்டரி வயரைக் கழற்றி, ரேடியேட்டரை இறக்கி வைத்தார்கள். அடியிலிருந்த பெரிய போல்ட்டில் ஸ்பானரைக் கொடுத்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே அன்னக்கிளி மெல்லத் திருப்பினாள். பெல்ட் ஓடும் கீழ்ச் சக்கரத்தில் ஒரு குறி, மேல் சக்கரத்தில் ஒரு குறி, பம்புச் சக்கரத்தில் ஒரு குறி. மூன்றும் தத்தம் இடத்துக்கு வந்ததும் சாக்பீஸால் கோடு போட்டாள். பம்பு நகராமல் அதன் துளையில் ஒரு போல்ட்டைச் செருகினான் வடிவேல். இறுக்கும் உருளையின் நட்டைத் தளர்த்தியதும் பழைய பெல்ட் தானாகவே நழுவி விழுந்தது.

புது பெல்ட்டை மடிக்கக் கூடாது, எண்ணெய்க் கையால் தொடக் கூடாது என்றான் வடிவேல். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். கீழ்ச் சக்கரத்தில் தொடங்கி, பம்பு, மேல் சக்கரம் என்று பல்லுக்குப் பல் உட்கார வைத்து, கடைசியில் உருளையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். உருளையைக் கம்பியால் நெம்பிப் பிடிக்கும் வேலை சுவிசேஷமுத்துவுக்கு. மனிதர் பலத்தையெல்லாம் கூட்டி நெம்பினார். இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்பது அவர் எண்ணம்.

பெல்ட்டின் நீளமான பக்கத்தின் நடுவில் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அன்னக்கிளி திருகிப் பார்த்தாள். அசையவே இல்லை. உயிரைக் காப்பாற்றிய மனிதரிடம் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணே, கொஞ்சம் விடுங்க. திருகுனா கால் சுத்துத் திரும்பணும். அதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம்.”

அதிக இறுக்கம் பம்பின் பேரிங்கைத் தின்றுவிடும், தளர்ந்தால் பல் தாண்டும் என்று வடிவேல் விளக்கினான். டிரைவர் தளர்த்தினார். இப்போது ரொம்பத் தளர்ந்துவிட்டது. மூன்றாம் முறை, அவள் விரலுக்கிடையில் பெல்ட் கால் சுற்றுத் திரும்பி, ஓரம் காட்டி அங்கேயே நின்றது. நட்டை முடுக்கினார்கள்.

பம்பில் செருகியிருந்த போல்ட்டை உருவிவிட்டு, எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுத் திருப்பினாள். கீழே குறி சேர்ந்தது. பம்பில் சேர்ந்தது. மேல் சக்கரத்தின் கோடு மட்டும் ஒரு பல் விலகி நின்றது.

அவள் தப்புதான். மாட்டும்போது மேல் பக்கத்தை விறைப்பாகப் பிடிக்காமல் விட்டிருக்கிறாள். அடுத்த தோட்டத்திலும் நோயாளிகள் காத்திருப்பார்கள். ஒரு பல்தானே, ஓட்டிப் பார்ப்போம் என்று டிரைவர் சொல்லியிருக்கலாம். சனங்களும் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். சுவிசேஷமுத்துவோ ஒரு கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“நிதானமாப் பண்ணுங்க. நல்லவேளை, ஸ்டார்ட் பண்ணறதுக்கு முன்னாலயே பாத்தீங்க” என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையைத் திரும்பக் கழுவிக்கொண்டு வந்து, பெல்ட்டைக் கழற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை மேல் பக்கத்தை இடது கையால் விறைத்துப் பிடித்துக்கொண்டாள். கால் சுற்று சரியாக வந்தது. இரண்டு சுற்றுத் திருப்பினாள். மூன்று குறியும் சேர்ந்தன. வடிவேல் கேட்டுக்கொண்டதற்காக இன்னும் இரண்டு சுற்று. அப்போதும் சேர்ந்தன.

ரேடியேட்டரை ஏற்றித் தண்ணீர் ஊற்றி, பேட்டரி வயரை மாட்டி, டிரைவர் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு புகை விட்டுப் பிடித்துக்கொண்டது. இறுக்கம் கூடினால் வரும் ஊளைச் சத்தம் இல்லை, பழைய உரசலும் இல்லை. ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்ட வடிவேல், பெண்டாட்டியைப் பார்த்துத் தலையாட்டினான். இந்த ஊருக்கு வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

சுவிசேஷமுத்து இறங்கி வந்து அவளைக் கும்பிட்டார். அவளுக்கு உடம்பு கூசியது.

“நீங்க கும்புடாதீங்கண்ணே. அன்னைக்கி நீங்க மண்ண வெட்டி எங்க ரெண்டு உசுரையும் கொண்டாந்து சேத்தீங்க. ஆறு மாசமா இதச் சொல்லணும்னு கெடக்கேன்.”

இந்த முறை அவர் கண்ணாடி துடைக்கப் போகவில்லை.

“சந்தோஷங்கம்மா” என்றார். பிறகு நர்ஸம்மாவிடமிருந்து பிள்ளையை வாங்கி, தன் எண்ணெய்க் கையால் அதன் கன்னத்தில் மை போலக் கறை படும் என்றுகூட யோசிக்காமல் ஒரு தடவை தட்டிக் கொடுத்தார்.

அவர் ஸ்தாபனத்து டாக்டரிடம் போய் என்ன சொன்னாரோ தெரியாது. மாசி பிறந்ததும், ஸ்தாபனத்து வண்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வடிவேலைக் கூடலூர் ஷெட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவன் கையைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. பெல்ட் வேலை வரும் நாளில் மட்டும் அன்னக்கிளிக்குத் தகவல் வரும். தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையோடு பஸ் ஏறுவாள். அந்த வேனை விற்கும்வரை அவள் இன்னும் இரண்டு பெல்ட் மாட்டினாள். இரண்டிலும் பல் தவறவில்லை.