டிரெய்லரை இழுக்க ஒரு வண்டி

அந்தத் தெருவில் அவளைப் பஸ்காரம்மா என்றும், அவள் கணவரைக் கப்பல்காரர் என்றும்தான் சொல்வார்கள். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். காலையில் ஒரு சுற்று, மாலையில் அதே சுற்று எதிர்த்திசையில். பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, தண்ணீர்த் தொட்டி முனை, பள்ளிக்கூட வாசல். அந்தப் பாதையில் எந்தப் பள்ளம் எங்கே வரும் என்று அவள் இடுப்புக்கே தெரியும். அதைத் தாண்டி அவள் போனது குறைவு. அவரோ சரக்குக் கப்பலில் சமையல்காரர். பாதி உலகத்துத் துறைமுகங்களைச் சமையலறையின் வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தவர். வருஷத்துக்கு ஒரு முறை வந்து, வீட்டில் எந்தச் சுவிட்ச் எதற்கு என்று பழகுவதற்குள் கிளம்பிவிடுவார். மகள் நடை பழகியது, பரீட்சையில் தேறியது, முதல் சம்பளம் வாங்கியது எல்லாமே அவருக்கு ஃபோனில்தான் நடந்தன.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன வருஷம், அவள் ஒரு சின்ன டிரெய்லர் வாங்கினாள். ஒரு புகைப்படக்காரத் தம்பதி அதை விற்றார்கள். உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு கட்டில், மடக்கு மேஜை, இரட்டை அடுப்பு, பக்கவாட்டில் ஒரு ஜன்னல். அவளுடைய குட்டிக் காரில் அதைப் பூட்ட முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டாள். “பூட்டலாம். அப்புறம் டிரெய்லர்தான் காரை இழுத்துக்கிட்டுப் போகும்” என்று அவர் சிரித்தார். அதனால் வீட்டை ஒட்டின சந்தில் அது அப்படியே நின்றது. மாலையில் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தால் அவள் டீயோடு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு மழைநீர்க் குழாயும் தெரியும். அங்கிருந்துதான் கணவரிடம் பேசுவாள்.

“இறங்கினதும் முதல்ல எங்க போறோம்?” என்பாள்.

“நீ சொல்லு.”

“மலைக்குப் போலாம். அப்புறம் அந்தப் பக்கம் இறங்கி ஏரி. நீங்க காலைல எழுந்து கதவத் தொறந்தா தண்ணி தெரியணும்.”

“எனக்குத் தண்ணியக் காட்டப் போறியா?” என்று அவர் சிரிப்பார். ஆனாலும் “சரி, சொல்லு, அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கப்பல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். அவள் பாதை போட்டுக்கொண்டிருப்பாள். எத்தனையோ வருஷம் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது அந்தப் பேச்சில்தான்.

ஒரு வழியாக அவர் கப்பலை விட்டு நிரந்தரமாக இறங்கி வந்தார். முதல் வாரம் தூங்கினார். இரண்டாவது வாரம், இருவரே இருக்கும் வீட்டில் கப்பல் முழுக்கப் பரிமாறலாம் என்ற அளவுக்குச் சமைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். தெருவில் பாதிப் பேர் அன்றைக்கு அவர் கைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சனிக்கிழமையே வண்டி பார்க்கக் கிளம்பினார்கள்.

நடுத்தர அளவில் ஒரு பிக்கப் வேண்டும் என்பது அவள் கணக்கு. பெரிய வண்டி சந்துக்குள் நுழையாது. சின்னது டிரெய்லரை ஏற்றத்தில் இழுக்காது. முதல் ஷோரூமில் காட்டியது பெயருக்குத்தான் நடுத்தரம். ஏறி உட்கார ஏணி வேண்டும்போல் இருந்தது. இரண்டாவது இடத்தில் இருந்தது கைக்கு அடக்கமாக, அழகாக இருந்தது. “டிரெய்லர தாராளமா இழுக்கும்” என்று விற்பனையாளர் அவள் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

“காலி டிரெய்லரையா, தண்ணி, கேஸ், பாத்திரம், துணி எல்லாம் ஏத்தின டிரெய்லரையா?” என்று அவள் கேட்டாள்.

விற்பனையாளர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். “கொஞ்சம் பாத்து ஏத்தினா சமாளிக்கும் மேடம்.”

“சமாளிக்கிறது வேற, இழுக்கிறது வேறங்க.”

மூன்றாவது ஷோரூமில் இருந்தது அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சாம்பல் நிறம், நான்கு கதவு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நல்ல நீளம். பின்னால் பாரம் வந்தாலும் மூக்கைத் தூக்காது. டிரெய்லரின் பிரேக்கை வண்டியிலிருந்தே இயக்க வசதியும் இருந்தது. அவள் குனிந்து பின்கொக்கியைத் தடவிப் பார்த்தாள்.

ஆனால் கணவர் எதற்கும் பிடி கொடுக்கவில்லை. முதல் வண்டியில் கதவுச் சத்தம் சரியில்லை என்றார். இரண்டாவதில் சீட் சூடாகிறது என்றார். மூன்றாவதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “கலர் ஒரு மாதிரி இருக்கு. துருப்பிடிச்சாலும் தெரியாது” என்றார். அடுத்த வாரமும் அதே கதை. வீட்டுக்குத் திரும்பும்போது அவள் சொன்னாள்:

“டிரெய்லர இழுக்க வண்டி பாக்கச் சொன்னா, நீங்க என்னைய இழுத்தடிக்கிறீங்க.”

அவர் சிரித்தார்.

மூன்றாவது ஷோரூம்காரர் நல்ல மனுஷர். இளவயது, வழுக்கை, எதற்கும் பதற்றப்படாதவர். “உங்க டிரெய்லரையே மாட்டி ஓட்டிப் பாருங்களேன்” என்று வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்தார். வருஷக்கணக்காகச் சந்தில் நின்றிருந்த டிரெய்லருக்குக் காற்றடித்து, விளக்கு வயரை மாட்டி, கொக்கியில் பூட்டினார்கள். தெரு முனை திரும்பும்வரை அவள் மூச்சுவிடவில்லை. விற்பனையாளர் பின்சீட்டில், கணவர் பக்கத்தில். ஊரைத் தாண்டி மலைச்சாலையில் ஏறினாள்.

பஸ்ஸில் அவள் முதுகுக்குப் பின்னால் குழந்தைகளின் கூச்சல் இருக்கும். இதில் சத்தமில்லாத ஒரு பாரம். அது அவளைப் பிடித்து இழுக்கவில்லை, கூடவே வந்தது. ஏற்றத்தில் எஞ்சின் குரலைக் கொஞ்சம் உயர்த்தியதே தவிர முனகவில்லை. இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளவில்லை. ஒரு வளைவில் பக்கக்காற்று அடித்து டிரெய்லர் லேசாக ஆடியது. அவள் பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்தாள். அது தானாக அடங்கி நேராக வந்தது.

“பாத்தீங்களா! எவ்ளோ சமத்தா வருது!” என்று திரும்பினாள்.

கணவர் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

மேட்டில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஓரம் கட்டினாள். அவர் இறங்கிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். விற்பனையாளர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வராத ஃபோன் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு தூரமாக நடந்தார்.

“குமட்டுதா? தண்ணி வேணுமா?”

“வேணாம். உக்காரு.” கொஞ்ச நேரம் கீழே தெரிந்த வயல்களைப் பார்த்திருந்தார். “எனக்கு எங்கயும் போக வேணாம்மா.”

“இன்னைக்கா?”

“இன்னைக்கும். இனிமேலும். எனக்கு ஒரே எடத்துல இருக்கணும். காலைல எழுந்தா நேத்து இருந்த அதே மரம் இருக்கணும். வெச்ச டம்ளர் வெச்ச எடத்துல இருக்கணும்.”

அவளுக்குப் புரியவே நேரமாயிற்று. “அப்ப இத்தன வருஷம் ஃபோன்ல பேசினது? மலை, ஏரின்னு... நீங்கதானே அப்புறம் அப்புறம்னு கேட்டீங்க?”

“அதச் சொல்லும்போது உன் குரலே வேற மாதிரி இருக்கும். மத்த நேரமெல்லாம் கேஸ் தீந்துபோச்சு, குழாய் ஒழுகுதுன்னு பேசுவே. இதப் பேசும்போது மட்டும் பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கும். அதுக்காகத்தான் கேட்டேன். இப்படி நீ வண்டி பூட்டிக்கிட்டு வந்து நிப்பேன்னு அப்ப யோசிக்கல.”

திரும்பி வரும்போது அவள் இன்னும் மெதுவாக ஓட்டினாள். வாசலில் டிரெய்லரைக் கழற்றிய பிறகு விற்பனையாளரிடம், “யோசிச்சுச் சொல்றோங்க” என்றாள். அந்த வார்த்தையை அவர் தினமும் கேட்பவர். அன்றைக்கு மட்டும் தன் விசிட்டிங் கார்டை நீட்டாமல் போனார்.

அதன் பிறகு வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. தண்ணீர் வந்ததா, உப்பு போதுமா, அவ்வளவுதான். அவளுக்குக் கோபம், ஆனால் அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. மாலையில் பஸ் திரும்பும்போது தெருமுனைத் தையல்கடை வாசலில் அவர் நிற்பதைப் பார்ப்பாள். கடைக்காரரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும், “தையல்காரருக்கு என் சட்டை அளவு மனப்பாடமாயிடுச்சாம்” என்று உலக அதிசயம்போலச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அவர் லீவில் வந்த எந்த வருஷமும் கண்டதில்லை. எந்த ஊரிலும் இரண்டு நாளுக்கு மேல் முகம் பதியாத மனுஷருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கு உறைத்தது. கோபம் கரைந்தது. ஆசைதான் கரையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் டிரெய்லருக்குள் உட்கார்ந்திருந்தாள். அவர் இரண்டு டம்ளர் டீயோடு வந்து படியில் கால் வைத்தார். ஸ்பிரிங் அழுந்தித் தரை லேசாகச் சாய்ந்தது. அவர் சட்டென்று கதவுச் சட்டத்தைப் பிடித்தார். டீ கொஞ்சம் சிந்தியது. உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“நீ போயிட்டு வா” என்றார் முதுகைக் காட்டியபடி.

“எங்க?”

“எங்க போகணும்னு சொன்னியோ, அங்கெல்லாம். ஸ்கூல் லீவு விடட்டும்.”

“உங்களோட போகணும்னுதான் வாங்கினேன். தனியா போறதுக்கு இல்ல.”

“தெரியும்.” அவர் டம்ளரைக் கையில் உருட்டினார். “வரணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா உடம்பு கேக்கலியே. இதுக்காக நீயும் எங்கூட இந்தச் சுவரையே பாத்துட்டு இருந்தா, தெனமும் என் மூஞ்சியப் பாக்கும்போது உனக்கு அது ஞாபகம் வரும். அது வேணாம்.”

அவள் அழுதாள். அவர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். டீ ஆறிப்போயிற்று.

அடுத்த வாரம் அவள் மட்டும் ஷோரூமுக்குப் போனாள். “சார் வரலியா மேடம்?” என்று கேட்டுவிட்டு விற்பனையாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வரல. நான்தான் ஓட்டப் போறேன்.”

தனியாகப் போகிறவளுக்கு நான்கு கதவு தேவையில்லை என்று அவர் நியாயமாகவே சொன்னார். இரண்டு கதவு வண்டியில் பின்தொட்டி பெரிதாக இருக்கும், இழுவையும் கூடுதல். அவள் அதையும் ஓட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு சாம்பல் நிற வண்டிக்கு வந்தாள். கதவைத் திறந்து, ஓட்டுநர் பக்கம் ஏறாமல், மறுபக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். கால் நீட்ட இடம் இருக்கிறதா, முதுகு சாய்கிறதா, தலைக்கு மேல் கைப்பிடி எட்டுகிறதா என்று பார்த்தாள். பக்கத்தில் காலியாக இருந்த ஓட்டுநர் சீட்டைப் பார்த்தபடி வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

“மேடம், ஸ்டியரிங் இந்தப் பக்கம்” என்றார் விற்பனையாளர் தயக்கத்தோடு.

“தெரியுங்க. இதையே குடுங்க.”

லீவு விட்ட மறுநாளே கிளம்பினாள். அவர் டப்பா டப்பாவாகச் சமைத்துக் கட்டினார். கொக்கியையும் சங்கிலியையும் வயரையும் இருவரும் சேர்ந்து சரிபார்த்தார்கள். வண்டி நகர்ந்தபோது அவர் வாசலில் நின்றார். கண்ணாடியில் அவர் சிறுத்துக்கொண்டே போனார். அத்தனை வருஷமும் வாசலில் நின்றவள் அவள். போகிறவருக்கும் அது லேசில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

மலை பார்த்தாள். ஏரிக்கரையில் தங்கினாள். காலையில் கதவைத் திறந்தபோது, அவள் சொன்னபடியே தண்ணீர் தெரிந்தது. பார்த்ததும் யாரையோ கூப்பிட வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டாள். அழகான இடங்களில்தான் அவர் இல்லாதது அதிகம் உறுத்தியது. டயர் பங்க்சரான அன்று அந்த உறுத்தல் இல்லை, திட்டிக்கொண்டே மாற்றினாள்.

பிறகு கடற்கரைக்கு வந்து சேர்ந்தாள். சாயங்காலம் படியில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நீங்க?”

“ஆச்சு. கொஞ்சமா சமைக்கக் கத்துக்கிட்டேன். எங்க இருக்கே?”

“கடல்கிட்ட.”

“எப்படி இருக்கு?”

“நீங்க பாக்காத கடலா?”

“நான் பாத்ததெல்லாம் நடுக்கடல். கரைல உக்காந்து நிதானமா பாத்ததே இல்ல. எப்படித் தெரியுது, சொல்லேன்.”

அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். “ரொம்பத் தூரத்துல ஒரு கப்பல் இருக்கு. நகருதா நிக்குதான்னே தெரியல. இந்தப் பக்கம் அலை கால்வரைக்கும் வந்துட்டுப் போகுது. நெறைய காத்து.”

“அப்புறம்?”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஈர மணலின் நிறம், வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள், நாய் ஒன்று நண்டைத் துரத்தித் தோற்றது. அவர் “ம்” கொட்டிக்கொண்டே இருந்தார். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோது கேட்டார்:

“எப்ப வர்றே?”

உடனே கிளம்பி வருகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டும் என்பதும் அதே நாக்கில் இருந்தது. இரண்டும் பொய்யில்லை.

“இன்னும் ரெண்டு ஊர் பாத்துட்டு வரேங்க.”

“பாத்துட்டே வா. நான் எங்கயும் போயிட மாட்டேன்.”

அவள் ஃபோனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அவர் பக்கம் யாரோ வாசலில் அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. “தையல்காரரு” என்றார்.

“போங்க, காக்க வைக்காதீங்க.”

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு அடுத்த ஊரைப் பார்த்து வண்டியைக் கிளப்பினாள். கொஞ்ச தூரம்வரை கடல் கூடவே வந்தது. பிறகு சாலை உள்பக்கமாகத் திரும்பியது.